ட்ரோனுக்குக் கூரை தெரியும், வாடகை தெரியாது

கேள்வி சுருக்கமாக இது. சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீட்டில் (அடுக்குமாடி அல்லாத, சொந்த மனையில் நிற்கும் வீட்டில்) குடியிருக்கும் ஓர் அக்கா கேட்கிறார்: "போன மாதம் எங்கள் தெருவுக்கு மேல் ஒரு ட்ரோன் அரைமணி நேரம் சுற்றியது. தமிழ்நாட்டில் என் அண்ணன் வீட்டை இப்படித்தான் மேலிருந்து படம் பிடித்தார்கள்; பிறகு சொத்துவரி ஏறிவிட்டது. இங்கேயும் அப்படி வருமா? வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட ஒரு கூரை இறக்கியிருக்கிறோம், அதற்கும் வரி கேட்பார்களா? படத்தில் தப்பாகத் தெரிந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?"

அக்கா, நான் நில அளவைத் துறையில் 18 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வானிலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைபடம் தயாரிப்பதுதான் அதில் பெரும்பகுதி. நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. முதலில் வரியைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

உங்கள் அண்ணன் ஊரில் கட்டடத்தின் பரப்பளவைக் கணக்கெடுத்து, அந்தத் தெருவுக்கு என்று வைத்திருக்கும் அடிப்படை மதிப்பால் பெருக்கி, வீடா கடையா என்று பயன்பாட்டையும் பார்த்து வரி போடுகிறார்கள். அங்கே சதுர அடி கூடினால் வரி நேராகக் கூடும். அதனால்தான் ட்ரோன் பறந்தாலே மக்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. சிங்கப்பூரில் அடிப்படையே வேறு. இங்கே உள்நாட்டு வருவாய் ஆணையம் பார்ப்பது 'ஆண்டு மதிப்பு'. உங்கள் வீட்டை இன்று வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. மேசை நாற்காலிக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் உரிய பங்கை அதில் சேர்க்க மாட்டார்கள். நீங்கள் வாடகைக்கு விடாமல் சொந்தமாகக் குடியிருந்தாலும் கணக்கு இதே வழிதான்.

அந்த வாடகை விவரம் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து இல்லை. இங்கே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்ட வேண்டும். நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. அதைக் கட்டும் இடமும் அதே ஆணையம்தான். ஆக, உங்கள் தெருவில் எந்த வீடு என்ன வாடகைக்குப் போனது என்பது அவர்கள் கைக்குத் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. அக்கம்பக்கத்து வாடகைகளை ஒப்பிட்டு உங்கள் வீட்டுக்கு ஓர் எண்ணுக்கு வருகிறார்கள். இந்த ஊரில் சொத்துவரிக்குக் கண் என்று ஒன்று இருந்தால் அது முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தம்தான். என் தொழிலே வான்படம் என்றாலும் இதை மறைக்க முடியாது.

எண்ணோடு பார்ப்போம். உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பு 36,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாகக் குடியிருப்பவருக்கு 2025-இலிருந்து, முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 28,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு. உங்களுக்கு வருவது 24,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு, அதாவது 960 வெள்ளி. இப்போது அந்தப் பின்கட்டுக் கூரையை எடுத்துக்கொள்வோம். அது இருப்பதால் ஒரு வாடகைக்காரர் மாதம் 100 வெள்ளி கூடக் கொடுப்பார் என்று தாராளமாகவே வைத்தாலும் ஆண்டு மதிப்பு 37,200 ஆகும். வரி 1,008. ஆண்டுக்கு 48 வெள்ளி கூடுதல்.

அதே வீட்டை நீங்கள் வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் இருந்தால்? முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு, அடுத்த 15,000 வெள்ளிக்கு 20 விழுக்காடு. 36,000 வெள்ளிக்கு வரி 4,800. அதே கூரை, அதே சுவர், அதே தெரு. வரி மட்டும் ஐந்து மடங்கு. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் உள்ளே யார் தூங்குகிறார்கள் என்பது. எத்தனை லட்சம் வெள்ளி கொடுத்து எந்தக் கேமராவை வாங்கி மேலே அனுப்பினாலும் அது படத்தில் வராது.

சரி, அப்படியென்றால் வான்படத்துக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. வெளியூர்களில் பெரிதாகவே நடந்திருக்கிறது. 2010-இல் கிரேக்க நாட்டு வரி அதிகாரிகள் ஏதென்ஸின் வடக்குப் புறநகர்களைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்தார்கள். நீச்சல் குளம் உண்டு என்று வரிப் படிவத்தில் ஒப்புக்கொண்டவர்கள் 324 பேர். படத்தில் எண்ணியபோது குளங்கள் 16,974. அதன் பிறகு குளத்தை மூடப் பச்சை வலை வாங்கி விரித்தவர்கள் உண்டு என்று செய்திகள் வந்தன. பிரான்சில் 2022-இல் கணினியே வான்படங்களைப் பார்த்து 9 மாவட்டங்களில் வரிக்குச் சொல்லாத 20,000-க்கும் மேற்பட்ட குளங்களைக் கண்டுபிடித்தது. சுமார் 1 கோடி யூரோ வரி கூடுதலாகக் கிடைத்தது. பிரான்ஸ் உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கேயும் சொத்துவரி, வீட்டின் வாடகை மதிப்பை ஒட்டித்தான் போடப்படுகிறது. குளம் இருந்தால் வாடகை மதிப்பு கூடும் என்பதால்தான் குளத்தைத் தேடினார்கள். ஆனால் தொடக்கத்தில் அந்தக் கணினி கூரையில் இருந்த சூரியத் தகடுகளையும் குளம் என்று எண்ணிவிட்டது. நீல நிறம், செவ்வக வடிவம், மேலே ஒரு பளபளப்பு. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இதில் கணினியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானே செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக வரிசை வீடுகள் உள்ள ஒரு தெருவை வரைபடமாக்கிக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டின் முன்னால், கார் நிறுத்தும் இடத்தையும் தாண்டித் தெரு ஓரம் வரை வெள்ளைக் கூரை. விளிம்பு நேர்க்கோடு, மூலை சரியாகச் செங்கோணம், உயரம் எல்லா இடத்திலும் ஒரே அளவு. 'நிலையான கூரை' என்று கோடு போட்டு மூடிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்க்க நேரில் போனால் அங்கே கூரை இல்லை. சிமெண்டுத் தரையில் நான்கு கால்கள் நின்ற அடையாளம் மட்டும் வட்ட வட்டமாக இருந்தது, ஓரத்தில் காய்ந்த சாமந்தி இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டில் இருந்த பெரியவர் வெளியே வந்து, அவர் மனைவி இறந்த காரியத்துக்குப் போட்ட பந்தல் அது என்றார். நாங்கள் படம் எடுத்தது இரண்டாவது நாள் காலை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து அந்தக் கோட்டை அழித்தேன். அன்று முதல் நேரில் பார்க்காத எந்தக் கூரையையும் 'நிலையானது' என்று நான் எழுதுவதில்லை.

இப்போது படம் எப்படி அளவாகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். அண்ணனுக்கும் இது பயன்படும்.

ட்ரோன் ஒரு படத்தோடு நிற்காது. வயலில் ஏர் ஓட்டுவதுபோல் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி நூற்றுக்கணக்கில் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அப்போதுதான் ஒரே ஓட்டு மூலை பல கோணங்களில் பதிவாகும், அதிலிருந்து அதன் உயரத்தைக் கணக்கிட முடியும். நாங்கள் வைத்திருக்கும் நடுத்தரக் கேமராவில் 60 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் படத்தின் ஒரு புள்ளி தரையில் சுமார் 1.6 சென்டிமீட்டர். கேட்கும்போது அசத்தலாக இருக்கும். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புள்ளி சிறிதாக இருந்தால் அளவு சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. எழுத்து தெளிவாக இருக்கும் ஒரு பொய்க் கடிதம் போல, படம் பளிச்சென்று இருந்துகொண்டே அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதைச் சரியான இடத்தில் பொருத்தத் தரையில் கறுப்பு வெள்ளைப் பலகைகளை வைத்து, அவற்றின் இடத்தைத் தனியாகத் துல்லியமாக அளக்க வேண்டும். சிங்கப்பூரில் அதற்கு நல்ல வசதி இருக்கிறது. நில ஆணையம் நடத்தும் 'சைரண்ட்' என்ற செயற்கைக்கோள் ஆதார நிலையங்களின் வலையமைப்பு 2006 முதல் இயங்குகிறது. அதோடு இணைந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இடம் கிடைத்துவிடும்.

அடுத்த சிக்கல் சாய்வு. கேமராவுக்கு நேர் கீழே இருக்கும் கட்டடம் மட்டும்தான் நேராகத் தெரியும். தள்ளி இருப்பதெல்லாம் வெளிப்பக்கம் சாய்ந்து தெரியும். 60 மீட்டர் உயரத்தில் கேமரா இருக்கிறது, அதற்கு 30 மீட்டர் பக்கவாட்டில் 12 மீட்டர் உயர வீடு ஒன்று இருக்கிறது என்றால், அதன் கூரை விளிம்பு இருக்க வேண்டிய இடத்திலிருந்து 7.5 மீட்டர் தள்ளித் தெரியும். அதே வீட்டை 1,000 மீட்டர் உயரத்தில் விமானத்திலிருந்து எடுத்தால் விலகல் 36 சென்டிமீட்டர்தான். தாழப் பறந்தால் நுணுக்கம் கிடைக்கும், சாய்வும் கூடவே வரும். மென்பொருள் இதைத் திருத்தும். ஆனால் அரைகுறையாகத் திருத்திய படங்கள் ஏராளமாக உலவுகின்றன.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இங்கே நான் பார்த்த சண்டைகளில் பாதி இதனால் வந்தவை. ஒருவர் இணைய வரைபடத்தில் வான்படத்தின் மேல் நில எல்லைக் கோட்டைப் போட்டுப் பார்க்கிறார். கோடு பக்கத்து வீட்டுக் கூரையின் நடுவில் போகிறது. உடனே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, "உங்கள் கூரை என் நிலத்தில் இருக்கிறது" என்று கதவைத் தட்டுகிறார். இருபது ஆண்டு தீபாவளிப் பலகாரம் பரிமாறிக்கொண்ட வீடுகள் அதோடு பேச்சை நிறுத்தியிருக்கின்றன. எல்லைக் கோடு சரியாகத்தான் இருக்கிறது, சாய்ந்தது படம். சிங்கப்பூரில் நில எல்லை 2004 முதல் எஸ்விஒய்21 என்ற ஆயக்கணக்கில் (ஒரு புள்ளி கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்ற முறையில்) எண்களாகவே பதிவாகிறது. பதிவுபெற்ற நில அளவையாளர் அளந்து, தலைமை நில அளவையாளர் ஏற்றுக்கொண்ட வரைபடம்தான் எல்லைக்கு ஆதாரம். வான்படத்தைக் காட்டி எல்லை கேட்பது, கல்யாணப் புகைப்படத்தைக் காட்டிப் பிறந்த தேதி கேட்பது போல.

மூன்றாவது சிக்கல், கூரையும் வீடும் ஒன்றல்ல. இது அண்ணனுக்கு ரொம்ப முக்கியம். சுவருக்குச் சுவர் 8 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் உள்ள தனி வீடு என்றால் பரப்பு 160 சதுர மீட்டர். நம் மழைக்குத் தோதாக நான்கு பக்கமும் 80 சென்டிமீட்டர் கூரையை நீட்டியிருக்கிறார்கள். மேலிருந்து பார்க்கும் ட்ரோனுக்குக் கூரை விளிம்புதான் தெரியும், அதன் அடியில் ஒளிந்திருக்கும் சுவர் தெரியாது. அது அளப்பது 9.6-க்கு 21.6 மீட்டர், அதாவது 207 சதுர மீட்டர். 47 சதுர மீட்டர், சுமார் 510 சதுர அடி, தாழ்வாரத்திலிருந்து முளைத்துவிட்டது. ஏறக்குறைய 30 விழுக்காடு. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. கூரையைச் சுவர் என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பக்கவாட்டில் சாய்த்து எடுத்த படங்களும் சேர்ந்தால் சுவர் தெரியும். அதற்கு இன்னும் பறக்க வேண்டும், செலவும் நேரமும் கூடும். பல வேலைகளில் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்பது இன்னும் கஷ்டம். நகர மறுசீரமைப்பு ஆணையம் 2015-இல் தரைவீடுகளுக்கு உயர வரம்பை ஒரு கூடாக வகுத்தது: இரண்டு மாடி வீட்டுக்கு 12 மீட்டர், மூன்று மாடிக்கு 15.5 மீட்டர். அந்தக் கூட்டுக்குள் பரண் அறை வைத்திருக்கிறார்களா, கூடத்தை இரட்டை உயரத்துக்குத் திறந்து விட்டிருக்கிறார்களா என்பதை மேலே இருந்து சொல்ல முடியாது. அடித்தளம் தோண்டியிருந்தால் சுத்தமாகத் தெரியாது.

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளை மேலிருந்து பார்த்திருக்கிறீர்களா? வாய்ப்புக் கிடைத்தால் நில ஆணையத்தின் இணைய வரைபடமான ஒன்மேப்பில், அதன் முப்பரிமாண வடிவத்தில் ஒருமுறை பாருங்கள். சிராங்கூன் சாலையிலிருந்து கிளைவிடும் ஒவ்வொரு தெருவிலும் ஓட்டுக் கூரைகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும். நடுவில் ஆங்காங்கே இருட்டாக ஒரு சதுரம்: காற்றும் வெளிச்சமும் வர விட்ட முற்றம். 1989-இல் அந்த வட்டாரம், பழைய கட்டடங்களைக் காக்கும் மரபுப் பாதுகாப்புப் பகுதியானது. முற்றத்தின் மேல் யாராவது பிளாஸ்டிக் தகடு போட்டு மூடினால் மேலிருந்து உடனே தெரியும். கட்டட விதிகளைச் சரிபார்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் வரிக்கு? கீழே உணவகம், முதல் மாடியில் தையல் கடை, இரண்டாவது மாடியில் ஒரு குடும்பம். கடைப் பகுதிக்கு ஆண்டு மதிப்பில் 10 விழுக்காடு, குடியிருப்புப் பகுதிக்குக் குடியிருப்பு விகிதம். எது கடை, எது வீடு என்பதைப் படியேறிப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஓடு எல்லாவற்றையும் ஒன்றாக மூடிவிடுகிறது.

அப்புறம் நம் மரங்கள். தூங்குமூஞ்சி மரம் ஒன்று கிளை விரித்தால் இரண்டு வீட்டுக் கூரையைப் படத்தில் விழுங்கிவிடும். ஒளிக்கற்றையை அனுப்பித் தூரம் அளக்கும் 'லைடார்' கருவி இலைகளின் இடுக்கில் புகுந்து கூரையைத் தொட்டு வரும். நில ஆணையம் 2014-இலும் 2019-இலும் நாடு முழுவதையும் வானிலிருந்து முப்பரிமாணமாக அளந்தபோது விமானத்தில் இந்தக் கருவியும் இருந்தது. 2021-இல் வெளிவந்த ஒன்மேப் முப்பரிமாண வரைபடத்துக்கு முந்தைய உழைப்பு அதுதான். கவனியுங்கள், அந்த வேலைக்குப் பயன்பட்டது விமானம். 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் உள்ள தீவை ட்ரோனால் வரைபடமாக்குவது இங்கே நடைமுறைக்கு ஒத்துவராது. காரணம் நம் வான்வெளி.

உங்கள் தெருவுக்கு மேல் பறந்த ட்ரோனுக்கு இப்போது வருகிறேன். நீங்கள் இருக்கும் சிராங்கூன் கார்டன்ஸ், பாய லேபார் ஆகாயப்படைத் தளத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் வருகிறது. விமான நிலையம், ஆகாயப்படைத் தளம் ஆகியவற்றைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் வெளியில் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், செம்பவாங், தெங்கா என்று ஐந்து வட்டங்களைப் போட்டுப் பாருங்கள், தீவில் மிஞ்சுவது எவ்வளவு என்று. அதற்கு வெளியே இருந்தாலும் 200 அடிக்கு மேல், அதாவது சுமார் 60 மீட்டருக்கு மேல், போக அனுமதி வேண்டும். அந்த 200 அடியும் தரையிலிருந்து அல்ல, கடல் மட்டத்திலிருந்து. மேட்டில் நின்றுகொண்டு பறக்கவிட்டால் கையில் இருப்பது அதைவிடக் குறைவுதான். 2019 ஜூனில் சாங்கிக்கு அருகே ட்ரோன்கள் தென்பட்டு ஒரே இரவில் 37 விமானங்கள் தாமதமானதை நினைவு வைத்திருப்பீர்கள். இந்த ஊரில் விதி இறுக்கமாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, அதனால் என் வேலை கூடினாலும்.

250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன் எதையும் 2020 ஜனவரி முதல் பதிவு செய்தாக வேண்டும். 2025 டிசம்பர் முதல் அது பறக்கும்போதே தன் அடையாளத்தை ரேடியோ அலையில் அறிவிக்கும் கருவியும் அதில் இருக்க வேண்டும். தொழிலுக்காகப் பறக்கவிடுபவருக்கு ட்ரோன் இயக்குபவருக்கான அனுமதி, அந்த வேலைக்கான அனுமதி என்று இரண்டும் வேண்டும். முறையாக வந்தவர்கள் என்றால் தெருமுனையில் பிரகாசமான மேலங்கி போட்ட இரண்டு மூன்று பேர் நின்றிருப்பார்கள், கேட்டால் தாளைக் காட்டுவார்கள். தாராளமாகப் போய்க் கேளுங்கள். நாங்கள் வேலை செய்யும் இடங்களில் யாராவது வந்து கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது. திரையைத் திருப்பி அவர்கள் வீட்டுக் கூரையைக் காட்டுவேன். பெரும்பாலும், "ஐயோ, ஓடு உடைந்திருக்கிறதே" என்று நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் கண்ணில் படாமல் ட்ரோன் மட்டும் உங்கள் சன்னல் பக்கம் வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குச் சொல்லிவிடுங்கள். தரைவீட்டுப் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது கூரை ஒழுகலைத் தேடுபவர்களையும், விற்பனைக்கு வந்த வீட்டைப் படம் எடுக்க முகவர் அனுப்பியவர்களையும், பக்கத்து மனையில் இடித்துக் கட்டும் வேலையைப் பதிவு செய்பவர்களையும்தான்.

அந்தக் கடைசி வகை வரியோடு ஓரளவு தொடர்புள்ளது. வீட்டை இடித்துவிட்டால் வாடகை என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போது நிலத்தின் சந்தை மதிப்பில் 5 விழுக்காட்டை ஆண்டு மதிப்பாக எடுப்பார்கள். எந்த நாளில் இடித்தது, எந்த நாளில் கட்டி முடித்தது என்பதில் பணம் இருக்கிறது. தேதி பதிந்த வான்படம் அங்கே நல்ல சாட்சி. நில ஆணையமும் அரசு நிலங்களைச் சோதிக்க ட்ரோன் பயன்படுத்துகிறது; காடு மண்டிய இடத்தில் நடந்து போய்ப் பார்ப்பதற்குப் பதில் இது எவ்வளவோ மேல்.

உங்கள் பின்கட்டுக் கூரை. வரிக்காக நீங்கள் பயப்பட வேண்டியது 48 வெள்ளி அளவுக்குத்தான், அதுவும் என் தாராளக் கணக்கில். ஆனால் அனுமதி விஷயம் வேறு. பின்பக்க எல்லையிலிருந்து 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று தரைவீட்டு விதி இருக்கிறது. உங்கள் கூரை அந்த இடைவெளியில் வருகிறதா, வந்தால் அனுமதி வாங்கிப் போட்டதா என்று வீட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கட்டட ஒப்பந்தக்காரர் போட்டுக் கொடுத்தார் என்றால் அவரிடம் தாள் கேளுங்கள். அடுத்த வீட்டுக்காரர் புகார் கொடுப்பது ட்ரோனைவிட வேகமாக நடக்கும். வீட்டை விற்கும்போதும் வாங்குபவரின் வழக்கறிஞர் இதைத்தான் முதலில் தோண்டுவார். வீட்டில் பெரிய அளவில் சேர்த்துக் கட்டினால் வருவாய் ஆணையத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். பல ஆண்டு கழித்துச் சேர்த்து வரும் கடிதத்தைவிட அது நிம்மதி.

ஆண்டு மதிப்பு தவறு என்று தோன்றினால் என்ன செய்வது? மாற்றம் வரும்போது மதிப்பீட்டு அறிவிப்பு ஒன்று வரும். அதைப் பார்த்ததும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், வருவாய் ஆணையத்தின் இணையவாசல் வழியாகவே முடியும். அங்கே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மதிப்பீட்டு மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். ஆட்சேபம் நிலுவையில் இருந்தாலும் வரியை உரிய நாளில் கட்டிவிட வேண்டும், ஜெயித்தால் திருப்பித் தருவார்கள். எழுதும்போது, "என் வீடு சின்னது" என்று எழுதிப் பயனில்லை. "என் வரிசையில் இதே அளவு வீடு இந்த மாதம் இத்தனை வெள்ளிக்கு வாடகைக்குப் போயிருக்கிறது, உங்கள் மதிப்பீடு அதைவிடக் கூடுதல்" என்று வாடகையில் பேசுங்கள். அவர்கள் மொழி அது. வீட்டின் நிலை மோசமாக இருந்தால் ஒழுகும் கூரை, பழைய குளியலறை என்று படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். அங்கே கைப்பேசிப் படம் ட்ரோன் படத்தைவிட அதிகம் பேசும்.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது வேறு. இந்தியாவில் கிராம வீட்டு மனைகளை ட்ரோனில் அளக்கும் ஸ்வாமித்வா திட்டம் 2020 ஏப்ரலில் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. ட்ரோன் வருவதற்கு முன்பே ஊர்க்காரர்களும் அதிகாரிகளும் சேர்ந்து ஒவ்வொரு மனையின் எல்லையிலும் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் நின்று, "இங்கேயா? ஆமாம், இங்கேதான்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் மேலிருந்து படம் எடுப்பது. வெள்ளைக் கோடு படத்தில் அப்படியே விழும். மனிதர்கள் தரையில் முடித்ததை ட்ரோன் பதிவு செய்கிறது. உங்கள் அண்ணன் விஷயத்தில் அப்படி யாரும் வீட்டுக்கு வந்து கேட்கவில்லை போலிருக்கிறது.

அவரை ஒரு அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றி வரச் சொல்லுங்கள். வெளிச் சுவரிலிருந்து வெளிச் சுவர் வரை அளந்து தளவாரியாக எழுதி வைக்கட்டும். பிறகு உள்ளாட்சி அலுவலகத்தில் அவர் வீட்டுக்கான அளவு விவரத்தாளைக் கேட்டு வாங்கட்டும். மொத்த எண் போதாது, எந்தத் தளத்துக்கு எவ்வளவு, எதை எதைச் சேர்த்தார்கள் என்று வேண்டும். கூரை நீட்டம், மொட்டைமாடியில் வெயிலுக்குப் போட்ட தகரக் கொட்டகை, மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி மேடை, பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர், இந்த ஐந்தையும் தனித்தனியாகக் கேட்டால் போதும். இரண்டு தாளுக்கும் இடையே பத்துக்கு ஒன்று வித்தியாசம் இருந்தால்கூட நேரில் வந்து அளக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும். தாள் இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்த இடத்தில் கூரையைச் சுவராக எண்ணியிருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துத் தருகிறேன்.